பாகம் ஏழு: உட்காராதே

ஜூலை 2, செவ்வாய்

டாக்டரம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். நகைக்கடையில் கொடுத்த டைரி ஆறு மாதமாக அரிசி டின்மேல் சும்மா கிடந்தது. காலில் வீக்கம் எப்படி, வலி எப்படி என்று தினமும் குறித்துக்கொண்டு வர வேண்டுமாம். அடுத்த மாதம் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷன் உண்டா இல்லையா என்று சொல்வாராம்.

"நரம்பு சுருட்டிக்கிட்டு இருக்கும்மா. ரொம்ப நேரம் நிக்கக் கூடாது" என்றார்.

"நான் ஜவுளிக்கடையில சேலை செக்‌ஷன்ல இருக்கேன் டாக்டர். காலைல நின்னா ராத்திரி ஷட்டர் போடுத வரைக்கும் நிக்கணும்."

"நடுவுல உக்காரலாமே? கடையில வேலை பாக்கிறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு சட்டமே இருக்கே?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர்மேல் இல்லை, பாவம். சட்டம் இருக்கிறது, எனக்குத் தெரியாதா? ஸ்டூலும் இருக்கிறது. எங்கள் கடை குடோனில் சுவரோரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. லேபர் ஆபீசர் வருகிறார் என்று கீழேயிருந்து போன் வந்தால் மட்டும் மேலே வரும். ஆளுக்கொன்று பக்கத்தில் போடுவார்கள். நாங்கள் அதன் அருகில் நிற்போம். ஆபீசர் ஸ்டூலை எண்ணிக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போவார். அவர் படி இறங்குவதற்குள் ஸ்டூல் குடோனுக்குப் போய்விடும்.

வீக்கம்: இருக்கிறது. வலி: இருக்கிறது. இதை எழுத ஒரு டைரி.

ஜூலை 4, வியாழன்

கடை பெரிய அண்ணாச்சியுடையது. அவர் மகளைக் கட்டியவர் கோயம்புத்தூர்க்காரர். சித்திரையில் கல்யாணம் முடிந்ததும், கடையை நவீனப்படுத்துகிறேன் என்று இங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் உட்காரலாம். நாங்களெல்லாம் 'மாப்பிள்ளை சார்' என்று கூப்பிடுகிறோம். ஆடித் தள்ளுபடிக்குள் எங்களுக்கு விற்பதற்குக் கற்றுக்கொடுத்துவிடுவாராம். 'வெற்றி விற்பனை' என்று பத்து பாகம் வீடியோ. அவரே எழுதி, அவரே இயக்கி, அவரே குரல் கொடுத்து.

கடை திறப்பதற்கு முன்னால் சாப்பாட்டு ரூம் டிவியில் முதல் பாகம் போட்டார்கள். கர்மம், கர்மம். எங்கள் மேனேஜர் சுடலைமணி அண்ணாச்சிதான் வாடிக்கையாளர். இருக்கிற மீசைக்கு மேலேயே இன்னொரு மீசையை ஒட்டி விட்டிருக்கிறார்கள். அவர் பேசப் பேச அது ஒரு பக்கமாகக் கழன்று வாய்க்குள் போகிறது. அதைத் துப்பிவிட்டு, "எனக்கு மஞ்சள் நிறப் பட்டு வேண்டும்" என்கிறார். எடுத்துப் போடுவது பச்சைச் சேலை. "ஆகா, என்ன மங்களகரமான மஞ்சள்!" என்று அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். அவருக்குப் பெண்டாட்டியாக நடித்த கேஷியர் பெண்ணுக்கும் மாப்பிள்ளை சாரே குரல் கொடுத்திருக்கிறார். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசியிருப்பார் போல. அவள் வாயை மூடிய பிறகும் வசனம் ஓடிக்கொண்டிருக்கிறது.

நடுநடுவே 'தவறான முறை' என்று ஒரு காட்சி வரும். அது முடிந்ததும் திரை முழுக்கச் சிவப்பாகப் பெருக்கல் குறி விழும். கூடவே 'டொய்ங்' என்று ஒரு சத்தம். டிவி ஸ்பீக்கரே கிழிகிறது.

சிரிக்கக் கூடாது, மேனேஜர் பின்னாலேயே நிற்கிறார். ஜெபக்கனி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். என் பக்கத்துக் கவுண்டரில் நிற்கிறவள். ஏழு மாதம். "யக்கா, இன்னும் கொஞ்சம் பாத்தா புள்ள இங்கனயே பெறந்துரும்" என்றாள்.

'நன்றி, வணக்கம்' வந்ததும் மணி அடித்தது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். நான் எழவில்லை. அந்த ரூமில் மட்டும்தான் தரையில் உட்கார விடுவார்கள், கிடைத்ததை ஏன் விட வேண்டும்? அதனால்தான் பார்த்தேன். நன்றி வணக்கத்துக்குப் பிறகும் வீடியோ ஓடுகிறது. கொஞ்ச நேரம் கருப்புத் திரை. அப்புறம் மேனேஜர் மீசையைப் பிய்த்துக்கொண்டே, "சார், சாப்பாடு வந்துட்டா?" என்கிறார். "கேமரா ஆஃப் பண்ணியாச்சுங்களா?" என்கிறது மாப்பிள்ளை சாரின் குரல். "ஆச்சு சார்" என்கிறான் கேமரா பிடிக்கிற பையன்.

வெட்டாமல் விட்டிருக்கிறார். தான் எடுத்ததைத் தானே கடைசிவரை பார்ப்பதில்லை போலிருக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

இரண்டாம் பாகம். 'வாடிக்கையாளரின் வலிப்புள்ளியைத் தொடுங்கள்.' கோயம்புத்தூரில் இப்படித்தான் பேசுவார்களோ என்னவோ. என் வலிப்புள்ளியை எவன் தொட்டான்? வீக்கம் முழங்கால்வரை.

ஜூலை 8, திங்கள்

இன்று என்னைக் கூப்பிட்டு நடிக்கச் சொன்னார்.

"செண்பகமக்கா, இனிமே வர்ற பாகத்துல எல்லாம் நீங்கதானுங்க தவறான முறை."

"நான் எதுக்கு சார்?"

"உங்க முகம் இயல்பாவே கடுகடுன்னு இருக்குதுங்களே. நடிக்கவே வேண்டாம்."

பத்தொன்பது வருஷமாக இந்தக் கடையில் சேலை விற்கிறேன். கல்யாணப் பட்டு எடுக்க வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்கிற குடும்பங்கள் இருக்கின்றன. நான் தவறான முறை! சரியான முறை யார் என்று பார்த்தால், ரிசப்ஷனில் போன மாதம் சேர்ந்த பெண். அவளுக்குச் சேலையை மடிக்கத் தெரியாது, சுருட்டி வைக்கிறாள். பரவாயில்லை, சிரிக்கிறாள்.

கால் வலிக்கிறவள் முகம் வேறு எப்படி இருக்கும்? வாய் வரை வந்தது. வேலை போய்விடும், விழுங்கிவிட்டேன்.

ஜூலை 10, புதன்

ஏழாம் பாகம் எடுத்தார்கள். தலைப்பு: 'உட்காராதே!'

குடோனிலிருந்து ஸ்டூல் வந்தது. பிளாஸ்டிக்கோடு. காட்சி இதுதான்: நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும். மேனேஜர் ஒட்டு மீசையோடு வந்து, "அம்மா, சேலை காட்டுவீர்களா?" என்று கேட்க வேண்டும். நான் எழாமல், "எனக்கு நேரமில்லை, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டும். டொய்ங்.

உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் சரசர என்றது. இந்தக் கடைத் தளத்தில் நான் ஆள் பார்க்க உட்கார்ந்தது இதுதான் முதல்முறை. இடுப்பிலிருந்து பாதம்வரை ஏதோ இறங்கிப் போன மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அழக் கூடாதுங்கக்கா, திமிரா இருக்கணும்" என்றார் மாப்பிள்ளை சார்.

வசனம் எனக்கு மறந்து மறந்து போயிற்று. ஒரு தடவை 'நேரமில்லை'யை விட்டுவிட்டேன், ஒரு தடவை தும்மல், ஒரு தடவை மேனேஜர் மீசை விழுந்து நான் சிரித்துவிட்டேன். எனக்கும் வயசாகிறது, என்ன செய்ய? திரும்பத் திரும்ப எடுத்தார்கள்.

நடுவில் மாப்பிள்ளை சாரிடம், "சார், ஒருத்தி மட்டும் உக்காந்திருந்தா தப்பு அவ்வளவா தெரியலியே. ரெண்டு பேரு உக்காந்து கதை பேசுனா இன்னும் மோசமா இருக்கும்லா?" என்றேன்.

"அட, சூப்பருங்கக்கா! உங்களுக்குள்ள ஒரு டைரக்டர் இருக்காருங்க" என்றார்.

ஜெபக்கனியைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மதியச் சாப்பாடுவரை இரண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தோம். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "யக்கா, இவரு இன்னும் நூறு பாகம் எடுக்கட்டும்" என்றாள்.

வீக்கம்: குறைவு. டாக்டரம்மா, கவனிக்கவும்.

ஜூலை 15, திங்கள்

ஏழாம் பாகம் போட்டார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கடுகடுக்கிறேன், டொய்ங். முழு ரூமும் சிரித்தது. இந்தத் தடவை மேனேஜரும் சிரித்தார், அதனால் யாரும் அடக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஆண்கள் செக்‌ஷன் பையன்கள் எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் நடந்தால் ரெடிமேட் சட்டைக்குப் பின்னாலிருந்து 'டொய்ங்'. தண்ணீர் குடிக்கப் போனால் 'டொய்ங்'. ஒருத்தன் சட்டையைப் பிடித்து, "உங்க அம்மா நடந்து போனா இப்படித்தான் சத்தம் குடுப்பியால?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். நான் திரும்பியதும் மறுபடி டொய்ங்.

வழக்கம்போல் காலையில் எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மாப்பிள்ளை சாரே டை கட்டிக்கொண்டு வந்து, "நீங்கள் உட்கார்ந்தால் விற்பனையும் உட்கார்ந்துவிடும்!" என்று விரலை நீட்டுகிறார். நன்றி, வணக்கம். கருப்புத் திரை. அப்புறம் மேனேஜர் குரல்.

"சார், ஸ்டூல மறுபடி குடோன்ல போட்டுரவா?"

"போட்டுருங்க. ஆபீசர் வர்றப்ப எடுத்துக்கலாம். பிளாஸ்டிக்கப் பிரிச்சுராதீங்க, அப்புறம் இவளுங்க உக்காந்து பழகிருவாளுங்க."

"சரி சார்."

"கேமரா ஆஃப் பண்ணியாச்சுங்களா?"

மாப்பிள்ளை சாரின் முகமும் தெரிகிறது, குரலும் கேட்கிறது. நான் மட்டும்தான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தள்ளுபடி ஆரம்பம். மிதிபடாத குறை. ஒரு அம்மா கவுண்டர் நிறையச் சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு, "பாத்துட்டு வாரோம்" என்று போய்விட்டார். வீக்கம், வலி எல்லாம் உண்டு. மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது இடுப்பு நிமிரவில்லை.

ஜூலை 20, சனி

கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரொம்ப முடியவில்லை என்றால் சுடிதார் செக்‌ஷன் ட்ரையல் ரூமுக்குள் போய், ஆள் கழற்றிப் போட்டதை எடுக்கிற மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவோம். எல்லோருக்கும் தெரியும். மேனேஜருக்கும் தெரியும். ஜெபக்கனி இன்று போனாள். மாப்பிள்ளை சார் கதவைத் தட்டித் திறந்துவிட்டார்.

"ஏழாவது பாகம் பாத்தீங்கல்ல? நீங்களே நடிச்சீங்கல்ல? அப்புறமும் இப்படின்னா எப்படிங்க?" என்று கேட்டிருக்கிறார். தண்டனை, வாசல் டூட்டி. வருகிறவர்களுக்கெல்லாம் கைகூப்பி வணக்கம் சொல்லிக்கொண்டு வெயிலடிக்கிற வாசலில் நிற்க வேண்டும். ஏழு மாதக்காரி.

நான் மேனேஜரிடம் ஓடினேன். "அண்ணாச்சி, நீங்களும் புள்ள பெத்தவருதான? அவளுக்குப் பதிலா நான் நிக்கேன், அவள உள்ள அனுப்புங்க."

"என் கையில என்னம்மா இருக்கு? மாப்பிள்ள சொல்லிட்டாரு" என்றார். மீசையை நக்கல் பண்ணினால் மட்டும் கோபம் வரும் இந்த மனுஷனுக்கு.

சாயங்காலம் ஜெபக்கனி வாசலிலேயே சுருண்டு விழுந்தாள். நெற்றி தரையில் பட்டு வீங்கிவிட்டது. ஆட்டோவில் நான்தான் கூட்டிப் போனேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொல்கிறவரைக்கும் எனக்கு உயிர் இல்லை. உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றால் போகலாம், நிற்கிற வேலை கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை சாரிடம் போனில் சொன்னேன்.

"நம்ம கடையில உக்காந்து பாக்கிற வேலை எதுவும் இல்லீங்களே. அவங்க நின்னுக்கட்டுங்க" என்றார். வேலையை விட்டு நின்றுகொள்ளட்டும் என்று அர்த்தம்.

நாசமாய்ப் போக. எழுதிவிட்டேன், அடிக்க மாட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

ஜெபக்கனி வீட்டுக்காரருக்கும் இப்போது வேலை இல்லை. கடைக்குத் திரும்பாவிட்டால் பிரசவச் செலவுக்கு என்ன செய்வாள் என்று தெரியவில்லை. வலி பார்க்கவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

ஆண்கள் செக்‌ஷன் பையன்களில் எவனோ முதல் பாகத்தைத் திரையிலிருந்து போனில் எடுத்து வெளியே விட்டுவிட்டான். மேனேஜர் மீசை ஊர் முழுக்கப் பறக்கிறது. பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுப் பையன் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மேனேஜர் இரண்டு நாளாக முகக்கவசம் போட்டுக்கொண்டு வருகிறார்.

மாப்பிள்ளை சார் கோபப்படுவார் என்று எல்லோரும் நடுங்கினோம். அவரோ துள்ளுகிறார். "பாத்தீங்களா? மக்கள் ரசிக்கிறாங்க! காசு குடுத்தாலும் இப்படி ஒரு விளம்பரம் கிடைக்காதுங்க!" சிரிப்பதற்கும் ரசிப்பதற்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியவில்லை.

ஜூலை 24, புதன்

மாப்பிள்ளை சார் தனியாக இருந்தார். போய்ப் பேசினேன். ஜெபக்கனிக்காகக் கேட்கப் போகிறேன் என்று நினைத்தார் போல, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முதல் பாகம் நல்லாருந்துச்சு சார். ஆனா ஏழாம் பாகம்தான் எல்லாத்தையும் விட டாப்பு. கடைப் பேருல நீங்களே அத முழுசாப் போடலாம்லா? கண்டவனும் அரைகுறையா எடுத்துப் போடுததுக்குப் பதிலா."

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "உங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்களா? நீங்கதான தவறான முறை?"

"கடைக்கு நல்லதுன்னா எனக்கென்ன சார். ஒண்ணையும் வெட்டாமப் போடுங்க."

நல்லது பண்ணினால் நாலு வார்த்தை பாராட்டத்தானே வேண்டும். அதனால் சொன்னேன்.

வீட்டில் என் மகள் அபிராமியிடம் சொன்னதும் குதித்தாள். "அம்மா, உனக்குக் கிறுக்கா? காலேஜ்ல என் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பேன்? ஊரே உன்னப் பாத்துச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். கடைசி வரைக்கும் பாத்துட்டுச் சிரிக்கட்டும்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

ஜூலை 26, வெள்ளி

போட்டுவிட்டார். ஊரே சிரிக்கிறது.

என் முகத்தைத் தனியாக வெட்டி எதை எதற்கோ ஒட்டியிருக்கிறார்கள். கரண்ட் ஆபீஸ் வாசலில் நான் உட்கார்ந்து, "எனக்கு நேரமில்லை." ரேஷன் கடையில் உட்கார்ந்து, "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்." ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவன் என்னைப் பார்த்துக் கைதட்டினான். மீன்காரி, "நீங்கதான அந்த உக்காந்த அக்கா?" என்று கேட்டாள். அபிராமி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு காலேஜுக்குப் போகிறாள்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு தோசைக்கு மாவு கரைத்தேன்.

ஜூலை 29, திங்கள்

யாரோ ஒருவர் கடைசிவரை பார்த்துவிட்டார்.

காலையில் அபிராமி போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடி வந்தாள். இப்போது என் முகம் இல்லை. கருப்புத் திரைக்குப் பிறகு வருகிற துண்டை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். 'பிளாஸ்டிக்கப் பிரிச்சுராதீங்க.' திரும்பத் திரும்ப அதுதான் ஓடுகிறது. கீழே ஜவுளிக்கடைப் பெண்களாக வரிசையாக எழுதியிருக்கிறார்கள், எங்கள் கடையிலும் இதே கதை, எங்கள் கடையிலும் இதே கதை என்று. அபிராமி படித்துக்கொண்டே வந்தவள் என் காலைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து சேலைக் கரையை விலக்கி நரம்பைத் தொட்டாள். "இவ்வளவு ஆயிருக்கா? ஏம்மா சொல்லல?" என்றாள். எப்போது கேட்டாள், சொல்வதற்கு?

மத்தியானம் ஆபீசர்கள் வந்துவிட்டார்கள். இந்தத் தடவை கீழேயிருந்து போன் வரவில்லை, காபியும் குடிக்கவில்லை. நேராகக் குடோனுக்குப் போனார்கள். வழி அவர்களுக்கு வீடியோவிலேயே தெரிந்துவிட்டது.

ஜூலை 31, புதன்

பெரிய அண்ணாச்சி மருமகனிடம் கத்திய கத்தல் மூன்று தளத்துக்கும் கேட்டது. மேனேஜர் என்னிடம் வந்து, "உன்னத் தூக்கணும்னு மாப்பிள்ள ஒத்தக் கால்ல நிக்காரு. பெரியவருதான், 'வேண்டாம்டே, அந்த அம்மாவ ஊருக்கே தெரியும், அனுப்புனா அதையும் வீடியோ போட்டுருவானுவ'ன்னு தடுத்துட்டாரு" என்றார். ஊர் சிரித்த சிரிப்புக்கு இப்படி ஒரு உபயோகம்.

மாப்பிள்ளை சார் என் கவுண்டருக்கே வந்தார். கண் சிவந்திருந்தது.

"நீங்கதானக்கா போடச் சொன்னீங்க?"

"ஆமா சார்."

"அது பின்னாடி இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? முழுசாப் பாத்திருந்தீங்களா?"

"எல்லாப் பாகத்தையும் முழுசாப் பாத்தேன் சார். மணி அடிச்சதும் எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாவ. அந்த ஒரு ரூம்லதான் உக்கார விடுதீய, அதான் நான் உக்காந்து பாத்தேன்."

அவர் விடுவிடென்று போய்விட்டார். எனக்குக் கோபம் தணியவில்லை. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

டாக்டரம்மா டைரியை வாங்கிப் புரட்டினார். வீக்கத்தைத் தேடினவர் எதையெதையோ படித்துச் சிரித்தார், சில இடத்தில் சிரிக்கவில்லை. இடது காலுக்கு ஆபரேஷன் வேண்டும் என்றார். சுருண்ட நரம்பு இனி நிமிராதாம். இவ்வளவு வருஷ நிற்பையும் எந்த ஆபீசர் வந்து திருப்பித் தருவார்? அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

கடைக்குப் போனபோது ஸ்டூல் எல்லாம் தளத்தில் இருந்தன. மேனேஜர் கத்தரி கிடைக்காமல் பல்லால் பிளாஸ்டிக்கைக் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒட்டிய துண்டைப் பார்த்து எல்லோருக்கும் மீசை ஞாபகம் வந்திருக்கும், ஆளாளுக்குச் சேலையை மடிக்கத் திரும்பிக்கொண்டோம்.

உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஆனதும் ஜெபக்கனியையும் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள், வந்திருந்தாள். நெற்றிக் காயம் ஆறி வருகிறது. முதல் ஸ்டூலில் அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். அடுத்ததில் நான். ஆண்கள் செக்‌ஷனிலிருந்து ஒருவன் பழக்க தோஷத்தில் 'டொய்ங்' என்றான். "ஏலே, நீயும் ஒரு ஸ்டூல எடுத்துப் போட்டுட்டு உக்காந்து கத்துல" என்றேன். போட்டு உட்கார்ந்தான்.

பதினொரு மணி போல ஒரு கல்யாண வீட்டுக் குடும்பம் ஏறி வந்தது. கூடவே மாப்பிள்ளை சாரும் அந்தப் பக்கம் வந்தார். என் கால் இருக்கிறதே, இந்தப் பாழாய்ப்போன கால், வலிக்கிற கால், நான் சொல்லாமலே விறைத்துக்கொண்டு எழப் பார்த்தது. ஜெபக்கனியின் காலும் அப்படித்தான் நகர்ந்தது. ஒரு கையால் என் முழங்காலை அமுக்கினேன், இன்னொரு கையால் அவள் முழங்காலை அமுக்கினேன்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றேன். "என்ன கலர்ல பாக்கீங்க?"

மஞ்சள் என்றார்கள். மஞ்சளையே எடுத்துப் போட்டேன்.

வீக்கம்: குறைவு.